பென்ட்ஸன் பத்தர்

எங்கள் வீட்டுக்கு எந்தப் பாத்திரம் வந்தாலும் அப்பா முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார். மேல்பக்கம் விற்கிறவன் காட்டுவது, அடிப்பக்கம் செய்தவன் காட்டுவது என்பது அவர் கணக்கு. செம்பனார்கோவில் பக்கம் ஒரு சின்ன ஊரில் நாற்பது வருஷம் நகைப்பட்டறை வைத்திருந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் பத்தர். யாராவது பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு என் பேத்தி தன் போனில் ஒரு வெள்ளித் தேநீர்க் கெண்டியைக் காட்டினாள். வாஷிங்டனில் 2016-இல் திறந்தார்களே, ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்று அருங்காட்சியகம், அதில் இருக்கிறதாம். "அடியைக் காட்டு" என்றேன். "போட்டோவைப் போய் எப்படித் தாத்தா கவுக்கிறது?" என்று சிரித்தாள். ஆனால் அந்த அருங்காட்சியகத்தாரும் அப்பாவைப் போலக் கவிழ்த்துப் பார்க்கிற ஜாதிதான் போலிருக்கிறது. அடியில் இருந்த முத்திரையைக் குறித்து வைத்திருந்தார்கள். பி. பென்ட்ஸன்.

அந்தப் பெயரோடு என் பாடு தொடங்கியது.

பீட்டர் பென்ட்ஸன் பிறந்தது 1783 வாக்கில், கரீபியன் கடலில் செயின்ட் தாமஸ் என்ற தீவில். அன்று அது டென்மார்க் ராஜாவின் தீவு. டென்மார்க் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்து ஆளுக்கு டென்மார்க் என்றால் தரங்கம்பாடி. 1620-இல் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டையின் மதிலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றவன் நான். தரங்கம்பாடியை 1845-இல் இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றார்கள். செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய் என்ற மூன்று தீவுகளையும் 1917-இல் இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றார்கள். ஊரை விற்றார்களே தவிரக் கணக்கு வழக்கில் பெரும்பகுதியை விடவில்லை. இரண்டு இடத்துக் காகிதமும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறது. 2017-இல், தீவுகளை விற்ற நூறாவது ஆண்டில், அந்தத் தீவுகளின் ஆவணங்களில் சுமார் ஐம்பது லட்சம் பக்கத்தைப் படம் பிடித்து எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டார்கள். மயிலாடுதுறையில் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு செயின்ட் குரோய் தீவின் வரிக்கணக்கைப் புரட்டலாம்.

எனக்கு டேனிஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் பத்திரப் பதிவுத் துறையில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன். பழைய கையெழுத்து என்றால் எந்த மொழியாக இருந்தாலும் ஒரு கை பார்க்கத் தோன்றும். வீட்டில் கேலி செய்தார்கள். இரண்டு மழைக்காலம் அதில் போயிற்று. அந்தப் பழைய கோத்திக் எழுத்தில் 'குல்ஸ்மெத்' என்ற ஒரு சொல்லின் உருவத்தை மட்டும் மனதில் பதிய வைத்துக்கொண்டேன். தங்க வேலைக்காரன் என்று பொருள். வெள்ளி வேலைக்காரனுக்கும் அதுதான் பெயர். நம் தட்டார் மாதிரி.

பென்ட்ஸனைக் கண்டுபிடித்த பெருமை எனக்கு இல்லை. 1990-களிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் தீவுக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்குமாக அலைந்து அவர் தடத்தைக் கோத்துவிட்டார்கள். நான் செய்தது அவர்கள் கோத்ததைப் படித்துவிட்டு, அந்தக் காலத்து ஏடுகள் எப்படி இருந்தன என்று பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தலைமை எழுத்தர் இருந்தார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டே சொல்வார்: "தம்பி, எந்தப் பத்திரத்தையும் படிக்கிறதுக்கு முன்னாடி இதை யார் கேட்டு எழுதினாங்கன்னு பாரு. கேட்டவனுக்கு என்ன வேணுமோ அதுதான் இருக்கும்." முப்பத்தாறு வருஷத்தில் இதைவிடப் பெரிய பாடம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பென்ட்ஸன் விஷயத்திலும் இதுதான் கைகொடுத்தது.

பென்ட்ஸன் பின்னாளில் பட்டறை போட்ட செயின்ட் குரோய் கரும்புத் தீவு. மலைச்சரிவெல்லாம் கரும்பு, கரும்பெல்லாம் அடிமைகள் உழைப்பு. அப்படிப்பட்ட இடத்தில் அரசாங்கம் ஒரு மனிதனைப் பற்றி முதலில் கேட்பது அவனுக்கு என்ன வேலை தெரியும் என்பதை அல்ல. அவன் அடிமையா, இல்லையா? அடிமை இல்லை என்றால் எந்த அளவுக்குக் கலப்பு? முலாட்டோ, முஸ்டிஸ், கஸ்டிஸ் என்று கலப்பை அளந்து வகை வைத்திருந்தார்கள். பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கிற மாதிரி மனிதனை உரைத்துப் பார்க்கிற கணக்கு. பென்ட்ஸனின் அம்மா கலப்பினப் பெண், ஆனால் அடிமை அல்ல. அதனால் பிள்ளையும் அடிமை அல்ல. அப்பா யாக்கோப் பென்ட்ஸன் என்கிற நார்வேக்காரர், சட்டம் படித்து ராஜாவின் கோர்ட்டில் உத்தியோகம் பார்த்தவர் என்பது ஆய்வாளர்களின் முடிவு. நார்வே 1814 வரை டென்மார்க் ராஜாவின் கீழ்தான் இருந்தது. தரங்கம்பாடியில் 1788 முதல் 1806 வரை கவர்னராக இருந்த பீட்டர் ஆங்கரும் நார்வேக்காரர்தான். குளிரில் பிறந்தவர்களை வெயிலுக்கு அனுப்பி வேலை வாங்கியிருக்கிறார்கள்.

பெயரில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. செயின்ட் குரோய் ஏடுகளில் பென்ட்ஸன் என்று தேடினால் நம் ஆளைக் காட்டிலும் அதிகம் வருகிறவர் இன்னொரு பென்ட்ஸன். ஆட்ரியான் பென்ட்ஸன், 1816 முதல் 1820 வரை அந்தத் தீவுகளின் கவர்னர் ஜெனரல். ராஜாவுக்கு எழுதிய கடிதம், ராஜா எழுதிய பதில், உத்தரவு, கட்டளை என்று ஒரு அலமாரி நிறையும். தட்டார் பென்ட்ஸனோ எங்கோ ஒரு வரியில், ஒரு கட்டத்தில், தொழில் என்ற இடத்துக்கு நேரே ஒரே ஒரு சொல்லாக இருப்பார். ஒரே பெயருள்ள இரண்டு பேரைக் குழப்பி வில்லங்கச் சான்று கொடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. ஆகவே கவர்னரை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பத்தரைத் தேடும் பொறுமை எனக்குக் கொஞ்சம் இருந்தது.

எட்டு வயதில், 1791-இல், பையனைப் படிக்க ஃபிலடெல்ஃபியாவுக்குக் கப்பலேற்றுகிறார்கள். அப்போது அமெரிக்காவின் தலைநகர் அதுதான். அவன் போய் இரண்டு வருஷத்தில், 1793-இல், அந்த ஊரில் மஞ்சள் காய்ச்சல் வந்து சுமார் ஐயாயிரம் பேர் இறந்தார்கள். ஐம்பதாயிரம் பேர் இருந்த ஊர். பையனுக்குப் பத்து வயது. தகப்பன் தாய் கடலுக்கு அந்தப் பக்கம். அடுத்து 1799-இல் வெள்ளி வேலை கற்கும் தொழில்பழகு பிள்ளையாக அவன் பெயர் வருகிறது. பதினாறு வயது. ஏழு வருஷப் பயிற்சி முடித்து 1806-இல் செயின்ட் குரோய் தீவின் கிறிஸ்டியான்ஸ்டெட் ஊருக்குத் திரும்பிப் பட்டறை போடுகிறார்.

அந்த ஏழு வருஷத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். ஒரு தட்டார் வீட்டுப் பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்காது. முதல் வருஷம் அடுப்புக்கு ஊதுவதும் பட்டறையைக் கூட்டுவதும்தான். கூட்டுகிற தூசியை வெளியே கொட்டக் கூடாது. அதில் பொடி இருக்கும், அரிப்புக்காரருக்கு விற்க வேண்டும். அப்புறம் கம்பி இழுக்கப் பழக வேண்டும். கம்பியச்சின் துளை ஒவ்வொன்றிலும் செலுத்தி இழுக்க இழுக்கக் கம்பி மெலியும், பிள்ளையும் மெலியும். தட்டத் தட்ட வெள்ளி இறுகிப்போகும். இறுகியதைக் காய்ச்சிப் பதம் கொடுக்காமல் மறுபடி தட்டினால் விரிசல் விடும். நெருப்பில் எந்தச் சிவப்பில் எடுக்க வேண்டும் என்பதை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. பற்றவைப்பதுதான் கடைசிப் பாடம். சேர வேண்டிய இடத்தில் வெங்காரம் தடவி, பற்றுப்பொடியை வைத்து, ஊதுகுழலால் சுடரைச் சாய்த்து ஊத வேண்டும். கொஞ்சம் கூடினால் பொடியோடு உருப்படியும் உருகிப் போகும். 'பொடி வைத்து ஊதுகிறான்' என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, அது பட்டறையிலிருந்து வந்த சொல். அப்பா வேலையிலும் ஊதுவார், பேச்சிலும் ஊதுவார்.

கெண்டி செய்வதில் கஷ்டம் மூக்கை வைப்பதுதான். தகட்டிலிருந்து தட்டி எழுப்பிய உடம்பு ஒரு கனம், மூக்கு ஒரு கனம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே சூட்டுக்கு வர வேண்டும். கெண்டியின் படத்தைப் பெரிதாக்கி மூக்கு சேர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டுத் தெரியவில்லை. படத்தில் தெரியாதுதான். இருந்தாலும் பார்த்தேன்.

அவர் திரும்பிய மறு வருஷமே, 1807-இல், இங்கிலீஷ்காரர்கள் தீவுகளைப் பிடித்துக்கொண்டு 1815 வரை வைத்திருந்தார்கள். தரங்கம்பாடியையும் அதே சண்டையில்தான் பிடித்தார்கள். இடையில் ரேச்சல் டி லா மோட்டா என்ற பெண்ணை மணந்தார், பிள்ளைகள் பிறந்தார்கள். தீவு டென்மார்க்கின் கைக்குத் திரும்பிய சமயத்தில் மறுபடி ஃபிலடெல்ஃபியாவுக்குக் குடிபெயர்கிறார். 1829-இல் மறுபடி செயின்ட் குரோய். 1848-இல் மறுபடி ஃபிலடெல்ஃபியா. சட்டை மாற்றுகிற மாதிரி ஒரு மனிதர் நாடு மாற்றிக்கொண்டிருக்கிறார், அதுவும் பாய்மரக் கப்பல் காலத்தில், பிள்ளைகுட்டியோடு, பட்டறைச் சாமானையும் தூக்கிக்கொண்டு.

ஏன் என்று எந்த ஏடும் கேட்கவில்லை. ஆனால் வருஷங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில விஷயம் தெரிகிறது. 1829-இல் ஃபிலடெல்ஃபியாவில் கறுப்பின மக்களைக் குறிவைத்துக் கலவரம் நடந்தது. 1838-இல் அந்த ஊர் இருக்கிற பென்சில்வேனியா மாநிலத்தின் அரசியல் சட்டத்தைத் திருத்திக் கறுப்பினத்தாரின் வாக்குரிமையைப் பறித்தார்கள். செயின்ட் குரோயில் நிலைமை அதற்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. அடிமை அல்லாத கலப்பினத்தாருக்கு 1834-இல் வெள்ளையரோடு சம உரிமை என்று ராஜா உத்தரவு போட்டார். 1848 ஜூலை 3 அன்று அடிமைகள் ஃப்ரெடெரிக்ஸ்டெட் கோட்டை முன்னால் ஆயிரக்கணக்கில் வந்து நின்றபோது கவர்னர் பீட்டர் ஃபான் ஷோல்ட்டன் அங்கேயே விடுதலையை அறிவித்துவிட்டார். அந்த வருஷம்தான் பென்ட்ஸன் தீவை விட்டுக் கிளம்புகிறார். அடிமை முறை ஒழிந்தது பிடிக்காமல் போனாரா, கலவரத்துக்குப் பயந்தா, வாங்கிப் போட ஆளில்லாமல் தொழில் படுத்ததாலா? வெள்ளிக் கெண்டி வாங்குகிறவன் கரும்புத் தோட்ட முதலாளிதானே, அவன் கை முடங்கினால் தட்டார் கையும் முடங்கும் என்பது என் ஊகம். ஊகத்துக்கு மேல் அதற்கு மதிப்பு வேண்டாம்.

கடைசியாக அவர் அகப்படுவது 1850-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில். வயது அறுபத்தேழு. அதற்கப்புறம் இல்லை. புத்தகங்களில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'சு. 1783 – 1850-க்குப் பின்' என்றுதான் போடுகிறார்கள். இதைப் படித்ததும் எனக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. எங்கள் வீட்டில் இதற்கு நேர் தலைகீழ். அப்பா பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. "பெரிய புயல் அடிச்சுதே, அதுக்கு அடுத்த ஆடி" என்று பாட்டி சொல்வாள். போன நாள் மட்டும் ஆவணி தேய்பிறைத் துவாதசி என்று பேரப்பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். வருஷா வருஷம் இலை போட வேண்டுமே.

காகிதத்தில் இவ்வளவுதான் பென்ட்ஸன். அடிமையா இல்லையா, எந்த நிறம், எந்தத் தெரு, என்ன வயது. அவர் செய்த உருப்படிகள் இன்று இரண்டு டஜன் அளவில் தேறும் என்கிறார்கள். கரண்டி, கெண்டி, கோப்பை. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்த வெள்ளித் தட்டார்களில் செய்தவர் யார் என்று அடையாளம் தெரிந்து பொருளும் கிடைத்திருப்பது மிகச் சிலருக்கே. இவருக்கு அது வாய்த்தது அந்த முத்திரையால். லண்டனில் என்றால் சட்டமே துணைக்கு வரும். பால் ஸ்டோர் என்று அதே காலத்துப் பெரிய வெள்ளித் தட்டார் ஒருவர், 1844-இல் இறந்தவர். அவர் முத்திரை தட்டார் சங்கத்தின் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. பொருளில் வருஷ எழுத்தும் இருக்கும். எந்தக் கரண்டி எந்த வருஷம் என்று சொல்லிவிடலாம். ஃபிலடெல்ஃபியாவில் அப்படிப் பரிசோதனைச் சாலை கிடையாது. வெள்ளி நாணயத்தை உருக்கிச் செய்வார்கள், தரத்துக்குச் செய்தவன் பெயர்தான் ஜவாப். அதனால் பென்ட்ஸன் தன் பெயரைக் குத்தினார். அவரை நிறம் கேட்காமல் பெயர் மட்டும் சொல்கிற ஒரே பதிவு அந்தக் கெண்டிகளின் அடியில் இருக்கிறது.

இப்போது நம் கடைகளில் 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் கட்டாயம் என்று நகையில் ஆறு எழுத்தும் எண்ணுமாகக் குத்துகிறார்கள். நல்லதுதான், ஏமாற்று குறைந்திருக்கிறது. செய்த பத்தர் யார் என்பது அதில் கிடையாது.

அப்பாவை அரசாங்கம் முதல் தடவை கவனித்தது 1963-இல். எனக்கு அப்போது பதினாலு வயது. சீனச் சண்டைக்குப் பின்னால் தங்கக் கட்டுப்பாடு வந்தது. பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று உத்தரவு. பதினாலு காரட்டில் தாலி செய்யச் சொல்லி யார் வருவார்கள்? எத்தனையோ தட்டார் குடும்பங்கள் அந்த வருஷம் நொடித்துப்போயின; உயிரை விட்டவர்களும் உண்டு. அப்பா வெள்ளிக் கொலுசு, அரைஞாண், குங்குமச்சிமிழ் என்று இறங்கி வந்து எங்களைக் காப்பாற்றினார். பிறகு அந்த விதி தளர்ந்தது. 1968-இல் சட்டமே வந்தது. அதன்படி சான்று பெற்ற தட்டாராக ஒரு காகிதம் வாங்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். வந்த தங்கத்துக்கும் போன தங்கத்துக்கும் கணக்கு எழுத வேண்டும். பழுப்பு அட்டை நோட்டு. பெயர், குந்துமணிக் கணக்கில் எடை, சேதாரம், உருப்படி. ஓரத்தில் சின்னச் சின்னப் படம்: ஒரு தோட்டின் இதழ், ஒரு ஒட்டியாணத்துப் பூட்டு.

அந்த நோட்டு இப்போது இல்லை. நான்தான் காரணம். அப்பா போய்ப் பத்து வருஷத்துக்கு அப்புறம் வீட்டை இடித்துக் கட்டினோம். பரணில் இருந்ததையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். ஊரார் பத்திரத்தில் ஒரு மூலை கிழிந்தாலும் குறிப்பு எழுதுகிற ஆள், சொந்த வீட்டுக் கணக்கைக் கிலோவுக்கு இவ்வளவு என்று நிறுத்துக் கொடுத்தேன். சட்டம் போட்ட காகிதத்தில் கரையான் ஏறியிருந்தது, கண்ணாடியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். இதைப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று மட்டும் தப்பியது. அதை நான் காப்பாற்றவில்லை.

பத்திரம் பதிய வருகிறவர்களிடம் இடது பெருவிரல் ரேகை வாங்க வேண்டும். அதற்கென்றே ஒரு பெரிய புத்தகம். கருப்பு மசிப் பலகையில் விரலை உருட்டிப் புத்தகத்தில் உருட்டுவோம். வயலில் இறங்குகிறவர்கள், கொத்தனார்கள், தட்டார்கள் வந்தால் எனக்கு எரிச்சல் வரும். ரேகை விழாது. தட்டாருக்கு இடது பெருவிரல்தான் பிடிமானம். மரக்கட்டையின் மேல் உருப்படியை அந்த விரலால் அழுத்திக்கொண்டு வலது கையால் அராவுவார். வருஷக்கணக்கில் அரம் பட்டுப் பட்டு வரியெல்லாம் மழுங்கிப்போயிருக்கும். "நல்லா அழுத்துங்க, ஏன் இப்படி வழவழன்னு இருக்கு" என்று அதட்டுவேன். இன்று ரேஷன் கடையில் மெஷின் அவர்களைத் திருப்பி அனுப்புவதைப் பார்க்கும்போது, அன்று அந்த மெஷின் நான்தான் என்று நினைத்துக்கொள்வேன். அப்பா வயதுக்காரர்களை அதட்டியிருக்கிறேன். ஒருவர் சிரித்துக்கொண்டே, "விரல் தேஞ்சதுதான் தம்பி நம்ம கையெழுத்து" என்றார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

1974-இல் அக்கா கல்யாணத்துக்காக அப்பா பட்டறைக்குப் பின்னால் இருந்த நிலத்தை விற்றார். நான் வேறு ஊரில் வேலையில் இருந்தேன். எனக்கு எழுதிக் கேட்கவில்லை, விற்று முடித்துத்தான் சொன்னார். பதினேழு வருஷம் கழித்து எனக்கு மாற்றல் அதே அலுவலகத்துக்கு வந்தது. ஒரு மழை நாள். ஆள் நடமாட்டம் இல்லை. பதிவறையில் 1974-ஆம் வருஷத்து ரேகைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன்.

வரிகள் ஏறக்குறைய இல்லை. கருப்பாய் ஒரு வட்டம். அதன் குறுக்கே, நுனியிலிருந்து இடதுபக்கமாகச் சரிந்து, மசி ஏறாத வெள்ளைக் கோடு ஒன்று. எனக்கு ஏழு வயதில், மூசையிலிருந்து வெள்ளியை அச்சில் ஊற்றும்போது நான் குறுக்கே ஓடி, அவர் என்னைத் தள்ளிவிட்டு, ஒரு சொட்டுத் தெறித்து விழுந்த இடம். அன்றைக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். அந்தத் தழும்பை எந்தப் படிவமும் கேட்கவில்லை.

"என்ன சார், வில்லங்கமா?" என்று வாசலிலிருந்து உதவியாளர் கேட்டார்.

"ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி, இருந்த அடுக்கிலேயே வைத்தேன்.